தலைமைப் பொறுப்பில் இருப்பவர் வேகத்தைக் குறைத்து ஆட்களோடு பழகினால் வேலை கெட்டுவிடாதா?

கெடாது. அவசரத்தில் நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் பத்து வருடத்துக்கு மேலாக மேற்பார்வை பார்க்கிறேன். காய் எடுக்க வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்தான். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வருவார்கள், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். ஒரே ஊர், ஒரே பேச்சு. அதனால் இவர்களோடு பழகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு தரையாகக் கிடக்கும், காய் அதில்தான் இருக்கும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். முற்றியதை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து மறுபடி வர வேண்டும். பிஞ்சைப் பறித்தால் ஸ்டோரில் உலர்த்தும்போது சுருங்கிப்போகும். நல்ல காயே நாலைந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் தேறும். ஆக, எடுப்பவர்கள் நாள் முழுக்கத் தூரில் குனிந்தோ உட்கார்ந்தோதான் இருப்பார்கள். நானோ மதியத்துக்குள் தோட்டத்தின் ஐந்து பிளாக்கையும் சுற்றிவிட வேண்டும் என்று நடந்துகொண்டே இருப்பேன். "என்னக்கா, எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுத்த வரிசைக்குப் போயிருப்பேன்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதமே எங்கள் பக்கம் மழை விடவில்லை. வயதில் மூத்த ஒரு அக்கா, எடையில் எப்போதும் முன்னால் நிற்பவர், மூன்று நாளாகப் பாதிதான் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் தராசுப் பக்கத்தில், அத்தனை பேர் முன்னால், "வீட்டு நினைப்பிலேயே இருந்தா எடை எப்படிக்கா வரும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவருடைய வரிசையில் நுழைந்ததும் வாடை அடித்தது. அழுகல். மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு வரும் பூஞ்சை நோய்; காய் நிறம் மங்கி, நாற்றமெடுத்து உதிர்ந்துவிடும். அந்த அக்கா அழுகிய சரங்களை ஒடித்து ஓரமாகக் குவித்து வைத்திருந்தார். மூன்று நாளாக அவர் செய்த வேலை அதுதான். போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை அடித்தோம், ஆனால் நோய் அதற்குள் பரவிவிட்டது. அந்த பிளாக்கில் அந்த எடுப்பே போயிற்று.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன் சார். நீங்க கையைக் காட்டிட்டுப் போயிட்டீங்க."

எனக்கு அது நினைவுகூட இல்லை. இன்றைக்கும் அதுதான் மனதை அறுக்கிறது.

அன்று சாயங்காலமே அதே தராசுப் பக்கத்தில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லைத் தனியாகக் கூப்பிட்டுத் திருப்பி எடுக்க முடியாது.

மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டு நடத்திய பொம்பிளை ஒருமைப் போராட்டத்தையும் அப்போது நினைத்துக்கொண்டேன். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடாமல் ஒன்பது நாள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். திடீரென்று வெடித்த போராட்டம் என்றது ஊர். வருடக்கணக்காக அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், நின்று கேட்க ஆளில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் முறையை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு பிளாக். காலையில் முக்கால் மணி நேரம் தூரில் உட்கார்ந்து நானும் காய் எடுப்பேன். மற்ற பிளாக்குகளுக்கு அனுபவமுள்ள ஒரு அக்காவைப் பொறுப்பாக்கினேன். முதலில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்ற எண்ணம். கையில் நோட்டு வைத்திருந்ததும் ஒரு காரணம். அதை ஸ்டோரிலேயே வைத்துவிட்டு வந்த பிறகுதான் பேச்சு வந்தது, அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. வந்ததும் தோட்டத்தைப் பற்றிய பேச்சு இல்லை. ஜீப்பில் நெருக்கியடித்து வருவதில் கால் மரத்துப்போவது, சோறு சாப்பிடும் கொட்டகை ஒழுகுவது, பேத்திக்கு நர்சிங் சீட் கிடைக்காதது. கொட்டகையை ஒரு வாரத்தில் சரிசெய்தோம். ஜீப் விஷயத்துக்கு ஒரு சீசன் முழுக்க முதலாளியோடு பேச வேண்டியிருந்தது. நர்சிங் சீட்டுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, கேட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் நிதானம் கூடாது. இடி மின்னல் வந்தால் சத்தம் போட்டு ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும், மருந்தடிக்கும் பிளாக்கில் யாரையும் நிற்க விடக்கூடாது. அங்கே பேச்சுக்கு இடமில்லை.

போன ஆடி மாதம் அதே அக்கா மேட்டிலிருந்து கூப்பிட்டார். இப்போது சார் போய்த் தம்பி ஆகிவிட்டது. "தம்பி, இங்க வந்து மோந்து பாருங்க." போய் உட்கார்ந்து பார்த்தேன். அழுகல் நோய் இல்லை, நிழல்மரத்திலிருந்து விழுந்து சருகுக்குள் அழுகிக் கிடந்த பலாப்பழம். இருந்தாலும் அந்த வரிசையில் ஒவ்வொரு தூராக விலக்கி, இரண்டு பேரும் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தோம்.