டிஎன்டி-யில் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டில்) எந்த விருப்ப விதியைச் சேர்க்கலாம்?

கேள்வி: புதிதாக டஞ்சன் மாஸ்டர் (கதையையும் அரக்கர்களையும் நடத்துபவர்) ஆகியிருக்கிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கும் விருப்ப விதிகளைப் படித்தால் எல்லாமே வேண்டும்போல் இருக்கிறது. ஆட்டத்தில் ஆபத்து உண்மையாகத் தெரிய வேண்டும். எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்:

ஒன்றே ஒன்றைச் சேருங்கள். அது ஓய்வு விதியாக இருக்கட்டும்.

அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் 'கிரிட்டி ரியலிசம்' என்று சின்னதாக ஒரு பகுதி வரும். வழக்கமாக ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) 1 மணி நேரம், லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) 8 மணி நேரம். இந்த விதியில் ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் நீங்கள் கேட்கிற ஆபத்து இதில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். ஐந்தாம் பதிப்பில் ஒரு லாங் ரெஸ்ட் எடுத்தால் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) முழுவதும் திரும்பிவிடும். நேற்று சாகக் கிடந்தவன் இன்று காலையில் புத்தம் புதிதாக நிற்பான். அதே கைடு, ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகளைத் தாங்கும் குழுவைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படி யார் நடத்துகிறார்கள்? பயணக் கதைகளில் நாளுக்கு ஒரு சண்டை வந்தாலே அதிகம். அந்த ஒரு சண்டையில் மந்திரவாதியான விஸார்ட், லாங் ரெஸ்ட்டில் திரும்பும் தன் ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவார். தங்கள் திறன்களுக்கு ஷார்ட் ரெஸ்ட்டை நம்பி வாழும் வார்லாக்கும் (இன்னொரு வகை மந்திரவாதி) ஃபைட்டரும் (போர்வீரர்) பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லாங் ரெஸ்ட் ஒரு வாரம் என்று ஆனதும் அதே எட்டுச் சண்டைகள் பல நாட்களுக்குப் பரவிவிடும். அரக்கர்களின் எண்களில் கைவைக்கவே வேண்டாம். மூன்றாம் நாள் காட்டில் ஓநாய் ஊளை கேட்டதும் பிளேயர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.

இதிலும் இழப்பவர் ஒருவர் உண்டு, விஸார்ட். மேஜ் ஆர்மர் 8 மணி நேரம் நிற்கிற காப்பு மந்திரம். வழக்கமான விதியில் ஒரு ஸ்லாட் செலவழித்தால் அன்றைய சண்டைகளுக்கெல்லாம் போதும். இங்கே ஒரு சண்டைக்குத்தான் வரும், அந்த ஸ்லாட்டோ ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பும். அதனால் என் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற மந்திரங்களின் காலத்தை ஐந்து மடங்காக்கிவிடுகிறேன். இது புத்தகத்தில் இல்லாத, என் சொந்த ஏற்பாடு. அப்புறம், உங்கள் கதை அறை அறையாக இறங்கிப் போகும் பெரிய நிலவறை என்றால் இந்த விதியே வேண்டாம். அங்கே ஏழு நாள் படுக்க இடம் கிடையாது.

நிறையப் பேர் முதலில் சேர்ப்பது ஃபிளாங்கிங். எதிரிக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இருவர் நின்றால், கைக்கெட்டும் தாக்குதலுக்கு அட்வான்டேஜ், அதாவது பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபது பக்கப் பகடையில் 11 வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்தால் அது 75. இதே அட்வான்டேஜுக்காக பார்பேரியன் (ஆவேச வீரர்), ரெக்லெஸ் அட்டாக் (கண்மூடித்தனமான தாக்குதல்) செய்து, தன்னை அடிப்பவர்களுக்கும் அட்வான்டேஜைத் தூக்கிக் கொடுக்கிறார். கோபோல்டு என்ற சின்ன அரக்கர்களுக்கு, கூட்டாளி எதிரியின் பக்கத்தில் இருந்தால் அட்வான்டேஜ் தரும் பேக் டாக்டிக்ஸ்தான் பெரிய பலம். ஃபிளாங்கிங் வந்ததும் அதையெல்லாம் எல்லோருக்கும் இலவசமாக வழங்கிவிடுகிறோம். மூன்றாம் பதிப்பிலும் ஃபிளாங்கிங் இருந்தது, ஆனால் பகடை எண்ணோடு +2 மட்டும்தான். எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலேயே சுற்றி வந்தால் அவன் இடையில் ஒரு அடி கொடுக்கலாம் என்ற விலையும் இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அந்த எல்லையை விட்டு வெளியே போனால்தான் அடி, உள்ளேயே சுற்றினால் ஒன்றுமில்லை. விலை போய்விட்டது, லாபம் மட்டும் கூடிவிட்டது. பிளேயர்கள் ரொம்பக் கேட்டால் +2 கொடுங்கள், அட்வான்டேஜ் வேண்டாம்.

லிங்கரிங் இஞ்சுரீஸ் (நீடித்த காயங்கள்) அட்டவணையைப் பார்த்து நீங்கள் மயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிரிட்டிகல் அடி (பகடையில் 20 விழுந்த அடி) வாங்கினாலோ, ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு இறங்கினாலோ பகடை உருட்ட வைக்கலாம். 1 விழுந்தால் கண் போகும், 2 விழுந்தால் கை முழுவதுமோ மணிக்கட்டு வரையோ போகும். அரக்கன் அந்தக் காட்சியோடு செத்துவிடுவான், அவனுக்குக் கண் போனால் என்ன? பிளேயரின் கேரக்டர்தான் வாரக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. வில்லாளியின் கண் போனால் தூரத் தாக்குதல் எல்லாம் டிஸ்அட்வான்டேஜில் (இருமுறை உருட்டிச் சிறிய எண்). சரிசெய்ய ரீஜெனரேட் போன்ற ஏழாம் நிலை மந்திரம் வேண்டும், ஆரம்ப நிலைக் குழுவிடம் அது இருக்காது. எல்லோரும் மனதார ஒப்புக்கொண்ட இருண்ட கதை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

ஸ்பீட் ஃபேக்டர் இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றும் விதி) வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் கூட்டிக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹீரோ பாயிண்ட் (பகடை எண்ணைக் கூட்டிக்கொள்ள உதவும் புள்ளி) நல்ல விதிதான், ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர் திசையில் இழுக்கும்.

எதைச் சேர்த்தாலும் கேரக்டர் உருவாக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒருமுறைதான் ஸ்லாட் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்தால், விஸார்ட் எடுக்க நினைத்தவர் வார்லாக் எடுத்திருக்கலாம். ஓய்வு விதியை முதல் சாகசம் முடியும் வரை வைத்துப் பாருங்கள், அப்புறம் எல்லோரையும் கேளுங்கள். முக்கியமாக, விஸார்ட் ஆடுகிறவரிடம் தனியாகக் கேளுங்கள்.