கோயிலுக்குப் போறேன், பாட்டு மட்டும் வரல

அண்ணா, எனக்கு பாளையங்கோட்டை. போன ஆகஸ்ட்ல என் வீட்டுக்காரர் இறந்துட்டார், 43 வயசு. 2 வருஷமா டயாலிசிஸ். உபவாச ஜெபம், கன்வென்ஷன்னு போகாத இடமில்ல, ஒரு ஊழியக்காரர் தலையில கை வச்சு சுகம் கிடைச்சாச்சுன்னு சொன்னார். அடக்கம் முடிஞ்சு 3ஆம் நாள் சொந்தக்காரங்க ஒருத்தங்க, விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்பவும் கோயிலுக்குப் போறேன், வாய் திறந்து பாட முடியல. வீட்ல ஆண்டவர்ட்ட சண்டைதான் போடுறேன். நான் விசுவாசத்தை விட்டுட்டேனா?

தங்கச்சி, உங்க லெட்டரைப் படிச்சிட்டு உடனே எழுத கை வரல. முதல்ல அந்த விசுவாசக் குறைங்கிற பேச்சு, அது பொய், அதை நீங்க சுமக்கவே வேணாம். பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் தன் உடம்புல முள் மாதிரி இருந்த வேதனையை எடுத்துடும்னு ஆண்டவர்ட்ட 3 தடவை கேட்டார், எடுக்கல, என் கிருபை உனக்குப் போதும்ங்கிற பதில்தான் வந்துச்சு. நம்ம டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல குழியில விழுந்து கால் உடைஞ்சவங்க, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் படுக்கையிலயேதான் இருந்தாங்க. அவங்களுக்கு விசுவாசம் பத்தலன்னு நம்ம ஜில்லாவுல யாராவது சொல்லுவாங்களா?

அப்புறம் சண்டை. சங்கீதம் 88ஐ ஒருதடவை வாசிங்க. மத்த புலம்பல் சங்கீதங்கள்ல பெரும்பாலும் கடைசியில ஒரு துதியோ நம்பிக்கையோ வந்துடும், இதுல வராது, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்னு சொல்லி அப்படியே நின்னுடும். ஆனா ஆரம்பத்துல இருந்து அந்த ஆள் பேசுறது ஆண்டவர்ட்டதான், வேற யார்ட்டயும் இல்ல. நீங்களும் அவர்ட்டதானே சண்டை போடுறீங்க. பிள்ளைங்களையும் உடம்பு சுகத்தையும் இழந்த யோபோட நண்பர்களும் 7 நாள் ராப்பகலா தரையில வாய் திறக்காம கூட உட்கார்ந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் கெட்டுச்சு. உங்களை மாதிரியே ஆண்டவர்ட்ட சண்டை போட்ட யோபையும் கர்த்தர் கேள்வி கேட்டார்தான், ஆனா என்னைக்குறித்து சரியா பேசலன்னு கோபப்பட்டது அந்த நண்பர்கள் மேல.

எங்க சித்தப்பா 22 வயசுல ஆத்துல போனார். அதுக்கப்புறம் எங்க ஆச்சி ரொம்ப நாள் கோயில்ல பாடவே இல்ல, பாட்டுப் புஸ்தகத்தை மடியில மூடி வச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வீட்ல பாத்திரம் கழுவும்போது "நீர் பார்த்துட்டுத்தானே இருந்தீரு"ன்னு சத்தமாவே கேப்பாங்க, சின்னப் பையன் எனக்கு பயமா இருக்கும். பக்கத்து பெஞ்ச் பெரியம்மா ஒருத்தங்க மட்டும் எந்த ஆறுதலும் சொல்லல, "நீ சும்மா இரு, உனக்கும் சேர்த்து நான் பாடுறேன்"னாங்க. சபைன்னா அதுதான்னு எனக்கு இப்பதான் புரியுது. அதனால நீங்க பாட வேணாம், வந்து உட்காருங்க போதும்.

ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலையில கல்லறைத் தோட்டத்துக்குப் போவீங்கல்ல, இந்த முதல் வருஷம் தனியா போகாதீங்க. காரணம் சொல்லாம கூட நிக்கிறவங்க யாராவது ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க. அப்படி யாரும் இல்லன்னா எனக்கு எழுதுங்க, நாங்க தென்காசியிலதான் இருக்கோம், நானும் என் மனைவியும் முந்தின நாளே வந்துடுறோம்.