தனியாகக் கார் ஓட்டிச் சென்ற பயணத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு எதிர்பாராமல் பேசிய அனுபவம் உண்டா?

உண்டு. ஒரு லாரி ஓட்டுநரோடு. மொத்தமே முக்கால் மணி நேரம் இருக்கும், அதில் இருபது நிமிடம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தனியாக நெடுந்தூரம் கிளம்பியது அதுதான் முதல் தடவை. முந்தைய இரவு பரபரப்பில் நான்கு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. விடியும் முன்பே புறப்பட்டாயிற்று. பிற்பகல் மூன்று மணி வாக்கில், வளைவே இல்லாத நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு லாரி விளக்கை விட்டு விட்டுப் போட்டபடி வந்தது. வழி கேட்கிறார் என்று ஒதுங்கினேன். முந்திப் போகாமல் பக்கத்திலேயே வந்தவர், கையை வெளியே நீட்டி ஓரம் கட்டச் சொன்னார்.

தெரியாத ஆள் கை காட்டினால் நிறுத்தக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். டயர் போய்விட்டதோ, எங்கிருந்தாவது புகை வருகிறதோ என்ற பயம்தான் நிறுத்த வைத்தது. அதுவும் உடனே இல்லை. நாலைந்து வண்டிகள் நிற்கும் அகலமான இடம் வரும் வரை போய், கதவைப் பூட்டியபடியே கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காரை ஒட்டி வராமல் இரண்டடி தள்ளியே நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “வண்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி” என்றார். “என் லாரியை எத்தனை தடவை முந்தினீங்க, ஞாபகம் இருக்கா?”

“ஒரு தடவைண்ணே.”

“மூணு தடவை. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன், அதாவது கேட்டுச்சா?”

ஹாரன் எதுவும் கேட்கவில்லை. நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு லாரியைத் தாண்டியது ஞாபகம் இருந்தது. மூன்று முறை முந்த வேண்டுமானால், நடுவில் இரண்டு முறை அவர் என்னை முந்தியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய லாரி பக்கத்தில் உரசுகிற மாதிரி போனது தெரியாமல் நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்திருக்கிறேன். சண்டை போடுகிற தொனியில் பேச ஆரம்பித்தவன் அதோடு அடங்கிவிட்டேன்.

அவர் பார்த்ததை வரிசையாகச் சொன்னார். அவர் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார், என் வேகம்தான் தொண்ணூறுக்கு ஏறுவதும் ஐம்பதுக்கு இறங்குவதுமாக இருக்கிறது. கோட்டைத் தொட்டவுடன் வண்டி வெடுக்கென்று திரும்புகிறது. மூன்றாவது தடவை முந்தும்போது பாதியில் அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேனாம். “அந்த இடத்துல நீங்க இருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. என் கண்ணாடியில என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னா, நானும் உங்களைப் பார்க்கலன்னு வச்சுக்கோங்க. நான் பிரேக்கைத் தொட்டதாலதான் நீங்க முன்னால போனீங்க.”

“எனக்குத் தூக்கமே வரலையேண்ணே, கண் திறந்துதானே இருந்துச்சு” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

“எனக்கும் திறந்துதான் இருந்துச்சு” என்று அவர் தன் கதையைச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவு, போக வேண்டிய ஊருக்குத் திரும்பும் சந்திப்பை எதிர்பார்த்து ஓட்டியிருக்கிறார். வரவே இல்லை. கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால், அதைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் வந்தாயிற்று. நடுவில் பாலம், ஊர், எதிரே வந்த வண்டிகள் எதுவுமே ஞாபகம் இல்லை. “இடிச்சிருந்தா பயம் அன்னிக்கோட போயிருக்கும் தம்பி. ஒண்ணுமே ஆகலங்கிறதுதான் இன்னும் பயமா இருக்கு.”

சரி, இப்போது என்ன செய்வது? ஜன்னலைத் திறந்துகொண்டு பாட்டைச் சத்தமாக வைத்தால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். “பாட்டு முடியறதுக்குள்ள நீங்க முடிஞ்சிருவீங்க.” அப்புறம் தன் பிளாஸ்கைக் காட்டி, காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் படுக்கச் சொன்னார். காபி குடித்துவிட்டு யாராவது தூங்குவார்களா? “அது உள்ள போய் வேலை செய்ய நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடணும். அரை மணிக்கு மேல போச்சுன்னா எழுந்திருக்கும்போது தலை கனக்கும்.”

பின்னாளில் தேடிப் படித்தபோது, இதையே 1990களில் பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருப்பது தெரிந்தது. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்துகிறது. குட்டித் தூக்கம் அதைக் கொஞ்சம் குறைக்கிறது, காஃபீன் மிச்சத்தை மறிக்கிறது. குளிர்ந்த காற்றும் ரேடியோவும் அதிக நேரம் தாங்குவதில்லை என்பதும் அதே ஆய்வாளர்கள் கண்டதுதான். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை உடம்புக்கு இயல்பாகவே ஒரு சோர்வு உண்டு, சாப்பிடாமல் இருந்தாலும் வரும். தூக்கத்துக்கு இரவில்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 25 மீட்டர், நான்கு வினாடி கண் சொக்கினால் 100 மீட்டர். என் கணக்கில் எத்தனை நூறு மீட்டர் போயிருக்கும் என்று இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நீட்டிய காபியை நான் வாங்கவில்லை. இவ்வளவு பேசிய பிறகும் மனசு இடம் கொடுக்கவில்லை, என் பிளாஸ்கையே எடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அதுவும் நல்ல பழக்கம்தான். தட்டினா முழிச்சுக்குவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. அலாரம் வைக்கக்கூட மறந்திருந்தேன். கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழித்தபோது அவர் மணியைக் காட்டினார். சரியாக இருபது நிமிடம். சரக்கு இறக்க நேரமாகியிருக்கும், ஆனாலும் காத்திருந்திருக்கிறார். நன்றி சொல்ல இறங்கினேன். அவர் லாரியை மறைப்பது போல முன்னால் வந்து நின்றுகொண்டு, “இப்ப சொல்லுங்க, என் வண்டி எப்படி இருக்கும்?” என்றார்.

“பச்சை முகப்பு. நீலத் தார்ப்பாய், ஒரு மூலையில கிழிஞ்சு தச்சிருக்கு. முன் பம்பர்ல ஒரு நசுங்கல்.”

“சரி, கிளம்புங்க.”

அவர்தான் முதலில் கிளம்பினார். பத்து நிமிடம் கழித்து நான்காவது முறையாக அவரை முந்தினேன். ஹாரன் அடித்தார். இந்தத் தடவை கேட்டது.