சர்க்கரை நோய் இருந்தால் கவனம் சிதறுமா?

மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் அப்பா கடைக் கணக்கில் தடுமாறுகிறார், எரிந்து விழுகிறார், சர்க்கரைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். இரத்தச் சர்க்கரை 70க்குக் (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். 54க்குக் கீழே போனால் புத்தியே மந்தமாகும்: கூட்டிய வரியையே திரும்பக் கூட்டுவார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். பல வருட நோயாளிகள் சிலருக்கு அந்த நடுக்கமும் வியர்வையும்கூட வராது, நேரே குழப்பம்தான். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

அப்பா தடுமாறும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 70க்குக் குறைவென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் சோர்வுதான். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் மறுநாள் கவனம் எங்கே நிற்கும்? அப்புறம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். மறதிக்கு அதுவும் ஒரு காரணம். டாக்டரிடம் கேட்டு அதையும் பரிசோதியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.