வேலையை விட்டு முழுநேர டிஜே ஆகலாமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக வார இறுதிகளில் கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று டிஜே செய்கிறேன். இரவில் உட்கார்ந்து சொந்தமாக டெக்னோ என்ற மின்னணு நடன இசை ட்ராக்குகள் உருவாக்குகிறேன். ஒன்பது தயாராக இருக்கின்றன. ஒரு சிறிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) அதில் இரண்டை வெளியிட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிட்டு கிளப் பக்கம் வந்துவிடலாமா?

பதில்: வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். மாதச் சம்பளம் வருகிறவரால்தான் ஒரு மோசமான ஒப்பந்தத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். என்னால் முடியவில்லை. மூன்று மாத வாடகை பாக்கி இருந்த நேரத்தில் ஐந்து ட்ராக்குகளின் மாஸ்டர் உரிமையை, அதாவது ஒலிப்பதிவின் உரிமையை, ஒரு லேபிளுக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது அதில் ஒன்றுதான். அந்த ஒலிப்பதிவு எத்தனை முறை ஓடினாலும் என் கைக்கு எதுவும் வருவதில்லை.

ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். உங்கள் ட்ராக் ஒவ்வொன்றிலும் இரண்டு சொத்து இருக்கிறது. நீங்கள் அமைத்த இசை ஒன்று. பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. லேபிளுக்கு வேண்டியது மாஸ்டர். அதை விற்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். மூன்று வருடம் போதும், ஐந்து என்றால் அதுவே அதிகம். ‘உரிமை மாற்றம்’ என்ற சொல் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அப்படி மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது தெரிந்துதான் பலர் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். ‘இனி உருவாகும் படைப்புகளும்’ என்று எழுதியிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டது இரண்டு ட்ராக்தானே.

பங்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோர் டெட் என்ற பெயரில் இசைக்கும் லண்டன் கலைஞர் கீரன் ஹெப்டன், டொமினோ லேபிளோடு 2001-ல் ஒப்பந்தம் போட்டார். பின்னால் வந்த ஸ்ட்ரீமிங் வருமானத்தை லேபிள் இசைத்தட்டு விற்பனைபோலக் கணக்கிட்டு 18% கொடுத்தது; அவர் 50% கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதே, 2021-ல், அவருடைய மூன்று ஆல்பங்களை ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து லேபிள் எடுத்துவிட்டது. 2022-ல் சமரசமாகி 50% கிடைத்தது. மாஸ்டர்கள் மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. அவ்வளவு பெயர் பெற்றவருக்கே இந்தப் பாடு.

இசையமைப்பு உரிமைக்காக, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி, உங்கள் ட்ராக்குகளைப் பதிவு செய்யுங்கள். மீதி ஏழு ட்ராக்குகளை நீங்களே வெளியிடலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் காசு கணக்கில் சேரும், சேர்வதும் சொற்பம். கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15% எடுத்துக்கொள்கிறார்கள். முழுத் தொகை கொடுத்து வாங்கும் ஐம்பது பேர் அங்கே கிடைத்தால், அவர்கள்தான் நாளை உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள்.

இனி கிளப். தமிழ்நாட்டில் தனியார் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களிடமும் மனமகிழ் மன்றங்களிடமும் இருக்கிறது. அதனால் நம் ஊர் கிளப்புகள் ஓட்டலுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே மேலாளர் பார்ப்பது பார் பில்லை. பதினொரு மணிக்குக் குத்துப்பாட்டு கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. டெக்னோவுக்குப் பெங்களூருதான் பக்கம், கோவையிலிருந்து ஓர் இரவு பேருந்து. ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றைப் பதிவு செய்து அங்கே நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு அனுப்பி, தொடக்க நேரத்தை, அதாவது முக்கிய டிஜேவுக்கு முன்னால் வாசிக்கும் நேரத்தை, கேளுங்கள்.

தொடக்க நேரத்தை யாரும் மதிப்பதில்லை. எனக்கு டிஜே தொழிலிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கூடம் பாதி காலியாக இருக்கும், மக்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். 118, 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை தாளத் தட்டு என்ற வேகம்) ஆரம்பித்து, ஒலியைக் கொஞ்சம் அடக்கி, அவர்களுக்கே தெரியாமல் கால்களை அசைய வைக்க வேண்டும். முக்கிய டிஜே வரும்போது கூட்டம் பசியோடு நிற்க வேண்டும். இதைச் சரியாகச் செய்பவரை மறுபடியும் கூப்பிடுவார்கள். 135-ல் தடதடவென்று அடித்துவிட்டுப் போகிறவரைக் கூப்பிட மாட்டார்கள். அப்புறம், டிஜேக்கள் பாடல்களை வரிசைப்படுத்தும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் தயார் செய்த பென் டிரைவ் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். இரண்டும் ஃபேட்32 வடிவத்தில் இருக்கட்டும். கிளப்புகளில் இருக்கும் பழைய சிடிஜே பிளேயர்கள் வேறு வடிவத்தைப் படிக்காமல் போகலாம்.

பாதிப் பணம் முன்பணமாக, மீதி மேடை ஏறும் முன். 10% டிடிஎஸ் பிடித்தால் வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். உங்கள் நிறுவனத்தின் பணி ஒப்பந்தத்தில் வெளி வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காதுக்கு இன்றே நல்ல இசைக்கலைஞர் இயர்ப்ளக் வாங்குங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். நீங்கள் மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள்.

சரி, வேலையை எப்போது விடலாம்? கிளப் வருமானம் மட்டும், கல்யாண வரவேற்புகளைச் சேர்க்காமல், ஒரு வருடம் தொடர்ந்து உங்கள் மாதச் செலவைத் தாங்க வேண்டும். அதோடு ஆறு மாதச் செலவுக்கான பணமும் வங்கியில் இருந்தால், ராஜினாமா கடிதத்தை எழுதுங்கள்.