பீலித் தண்ணிக்கு யாரக் கேக்கணும்?

கேள்வி: அக்கா, எங்க மேல் மலை ஓடையில மினி ஹைட்ரோ, அதான் சின்ன நீர்மின் நிலையம், போடப் போறாங்களாம், டேப் புடிச்சு அளந்து மரத்துல செவப்பு பெயிண்ட்டும் அடிச்சிட்டு போயிட்டாங்க. எங்க லயத்து பீலிக்கு, நாங்க தண்ணி புடிக்கிற குழாய்க்கு, அந்த ஓடைத் தண்ணிதான், கருப்பு ஹோஸ் வாங்கி நாங்களே இழுத்தது. தோட்டத்த நடத்துற தொரைகிட்ட போய் கேட்டா "ஒங்க பேர்ல காணி இருக்கா?"ங்குறாரு. கேக்குறதுக்கு எங்களுக்கு உரிமையே இல்லையா?
- வாசகி, பொகவந்தலாவ

பதில்: தங்கச்சி, அதே கேள்விய நீங்க திருப்பிக் கேட்டிருக்கலாம், காணி அவரு பேர்லயும் இல்லையே! தோட்டக் காணி 1975ல அரசாங்கம் எடுத்தது, 1992ல நிர்வாகத்ததான் கம்பெனிங்ககிட்ட குடுத்தாங்க, அவங்களும் குத்தகைக்காரங்கதான்.

மினி ஹைட்ரோன்னா 10 மெகாவாட்டுக்குள்ள, பெரிய அணை வராது, அதனால ஒரு பாதிப்பும் இல்லன்னு சொல்லுவாங்க. ஆனா ஓடைக்கு குறுக்க தடுப்பு கட்டி தண்ணிய குழாய்ல கொண்டு போய் கீழ பவர்ஹவுஸ்கிட்டதான் திரும்ப ஆத்துல விடுவாங்க, நடுவுல உள்ள தூரம் தை மாசியில வெறும் பாறையா கெடக்கும். ஒங்க ஹோஸ் தடுப்புக்கு மேலயா, அந்த நடுவுலயா? மொதல்ல மேல ஏறிப்போய் அதப் பாருங்க. நடுவுலன்னா, மழை இல்லாத மாசத்துல ஓடையில செக்கனுக்கு எத்தன லீட்டர் விடுவீங்கன்னு எழுத்துல கேளுங்க. "தேவையான அளவு விடுவோம்"னு சொன்னா அது பதிலே இல்ல.

மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட், அது வந்தப்ப சென் கிளயர் அருவி காஞ்சு போயிடும்னு பெரிய எதிர்ப்பு, கடைசில பகல்ல அருவிக்கு தண்ணி விடணும்னு நிபந்தனை போட்டாங்க. டூரிஸ்ட்டு பாக்குற அருவிக்கு நேரம் ஒதுக்க முடியும்னா காலையில வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்கு போக முன்னாடி நீங்க தண்ணி புடிக்கிற பீலிக்கும் முடியும்தானே.

பெரிய திட்டத்துக்கு ஈ.ஐ.ஏ., அதான் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு, அந்த அறிக்கை வெச்சு 30 நாள் மக்கள்கிட்ட கருத்து கேக்கணும். சின்னதுக்கு பெரும்பாலும் ஐ.ஈ.ஈ.ங்குற ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோட முடிச்சிடுவாங்க, அதுக்கு அந்த 30 நாள் கட்டாயமில்ல, அதனால யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு ஒக்காந்திருக்காதீங்க. பிரதேச செயலகத்துக்கு, 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, இந்தத் திட்டத்தோட விவரம் கேட்டு தமிழ்லயே எழுதிக் குடுங்க, தர்றோமா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள சொல்லியாகணும். அப்புறம் லயத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம், கொப்பி ஒண்ணு கையில இருக்கட்டும்.

அந்தப் பெயிண்ட் அடிச்ச மரத்தையும் ஹோஸ் தொடங்குற எடத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வைங்க, ஓடையில தண்ணி ஓடுறப்பவே.