ஏஜென்டுக்கு எழுதும் கடிதம்: டர்பன் அக்காவிடம் கேட்டவை

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நம் பிள்ளைகள் கேட்டவை இவை. ஏஜென்ட் என்பவர் எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தருபவர்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, ஏஜென்ட் இல்லாமல் இங்கே புத்தகம் வராதா?

வரும். தென்னாப்பிரிக்காவில் ஏஜென்டுகளே குறைவு. க்வேலா, ஜகானா மாதிரிப் பதிப்பகங்கள் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகவே பிரதி வாங்கி வந்திருக்கின்றன. ஆனால் எப்போதும் வாங்க மாட்டார்கள். அனுப்பும் அன்றைக்கு அவர்கள் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். லண்டன், நியூயார்க் பெரிய பதிப்பகங்கள்தான் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வந்தால் மட்டும் பார்க்கும். தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம், சென்னைப் பதிப்பாளருக்கு நேரே எழுதலாம்.

டோங்காட்டிலிருந்து: என் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது." சரியா?

தம்பி, நம் முன்னோரை முதன்முதலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவந்த இந்தக் கப்பல், நான் திருத்திக் கொடுக்கும் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. ஏன் என்று எனக்குப் புரிகிறது. நாம் யார் என்றே அங்கே தெரியாது, முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் ஏஜென்ட் அந்தப் பக்கத்தில் தேடுவது ஒரு ஆளை.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸைக் காலி செய்யச் சொன்ன பிறகு பாட்டி கறிவேப்பிலைக் கன்றை வேர்மண்ணோடு தோண்டி ஜாம் டின்னில் வைக்கிறாள். அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளை முன்னால் கொண்டுவாருங்கள்: "தாளில் கைநாட்டு வைத்தால் சாட்ஸ்வொர்த்தில் வீடு. வைக்காவிட்டால் மகனுக்கு வேலை போகும். முனியம்மா வைக்க மாட்டேன் என்கிறாள்." அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எது பறிபோகும் என்பதெல்லாம் இதிலேயே வந்துவிட்டது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்துக்கு அரை வரி போதும். கப்பல் நாவலுக்குள் இருக்கட்டும்.

லெனேசியாவிலிருந்து: எவ்வளவு நீளம் எழுதலாம்?

ஒரு பக்கம், சுமார் 300 வார்த்தை. கதை, அதன் வகை, மொத்த வார்த்தைக் கணக்கு, கடைசியில் உங்களைப் பற்றி இரண்டு வரி. முதல் நாவல் 80,000 முதல் 1,00,000 வார்த்தைக்குள் இருந்தால் நல்லது. இங்கிலாந்து ஏஜென்டுகள் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயமும் கதைச் சுருக்கமும் சேர்த்துக் கேட்பார்கள். சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும், கடிதத்தில் சொல்லாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: படித்துப் பார்க்க ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். நேர்மையான ஏஜென்ட் புத்தகத்தை விற்ற பிறகுதான் உங்கள் வருமானத்தில் பங்கு எடுப்பார். வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20.

இஸிபிங்கோவிலிருந்து: பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா? ஐந்து பேருக்கு அனுப்பினேன், பதிலே இல்லை.

அனுப்பலாம், வேண்டாம் என்று அவர்களே எழுதியிருந்தால் தவிர. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல், பெயரில் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது. யாராவது ஒப்புக்கொண்டால் மற்றவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

பதில் வராததற்காக நாவலைக் கலைத்துப் போடாதீர்கள் தங்கச்சி. அதை இன்னும் யாரும் முழுதாகப் படிக்கவே இல்லையே. கடிதத்தையும் முதல் பக்கங்களையும்தான் பார்க்க வேண்டும். என் முதல் கடிதம் ஏழு பேருக்குப் போய் ஒருவரும் பதில் போடவில்லை. எடுத்துப் படித்தால், நாயகியின் பெயரே மூன்றாவது பத்தியில்தான் வருகிறது! அவளை முதல் வரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகுதான் ஒருவர் முழுப் பிரதியைக் கேட்டார். உங்கள் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.